மைதானத்தில் உழுத்தங்களி

பிரகலாதன் சேருக்கு ஊரில் ஒரு நல்ல பெயரும் ஒரு கெட்ட பெயரும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு காரியம் சரியென்று மனதில் பட்டுவிட்டால் அவர் யாரையும் கேட்கமாட்டார், செய்துவிடுவார். ஒரு மாரியில் பள்ளிக்கூட மைதானம் குளம்போல் நின்றபோது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தானே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டார். அது நல்ல பெயர். அந்த வாய்க்கால் பள்ளிக்கூட அதிபரின் செவ்வரத்தைச் செடிகளுக்கு நடுவால் போனது. அது மற்றப் பெயர்.

அவருடைய சொந்த ஊர் தம்பலகாமம். தகப்பன் கனகரத்தினம் வயல் செய்தவர். இரண்டு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை என்பதால் வீட்டில் செல்லத்துக்குக் குறைவில்லை. சின்ன வயதில் குளத்துக் கட்டால் ஓடித்தான் பள்ளிக்கூடம் போவார். யானை துரத்தித்தான் இவன் ஓடப் பழகினான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். உண்மையில் அவரைத் துரத்தியது பள்ளிக்கூட மணிதான். அந்த ஓட்டம் அவரை மாகாணப் போட்டி வரைக்கும் கொண்டுபோனது. அதற்கப்பால் போகவில்லை. அதனால் உடற்கல்வி ஆசிரியரானார். முதலில் கந்தளாய்ப் பக்கம் கொஞ்சக் காலம், பிறகு சல்லிக்குக் கிட்ட, கடலோரமாக இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதன் பெயர் நமக்கு எதற்கு. இங்கே வந்து பதினொரு வருடமாகிறது. தபால் கந்தோரில் வேலை செய்யும் நிரோஜினியைக் கலியாணம் செய்து, உப்புவெளியில் குடியிருக்கிறார்.

இத்தனை வருடமும் அவர் மனதை அரித்தது ஒரு விஷயம். எட்டாம் வகுப்பு வரைக்கும் பெண்பிள்ளைகள் பையன்களை முந்திக்கொண்டு ஓடுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக மைதானத்தின் ஓரத்துக்குப் போய், மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டால் தலையிடி, வயிற்றுக்குத்து, அம்மா வேண்டாமென்று சொன்னவ. அவரும் கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். இந்த வருடம்தான் அதிசயமாகப் பத்தாம், பதினோராம் வகுப்பிலிருந்து நான்கு பேர், கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டத்துக்குச் சம்மதித்தார்கள். கடைசிச் சுற்று ஓடுகிறவள் யதுஷா. மீனவக் குடும்பத்துப் பிள்ளை, தகப்பன் பெயர் வல்லிபுரம், கடலுக்குப் போகிறவர். அவள் ஓடுவதைப் பார்த்தால் பிரகலாதனுக்கு வயது குறைந்துவிடும். வலயப் போட்டிக்கு இந்த நால்வரையும் கொண்டுபோவதென்று ஒற்றைக்காலில் நின்றார்.

கச்சான் காற்றுக் காலம். வெயிலும் புழுதியும் சேர்ந்து காலையிலேயே முகத்தில் அடிக்கும். காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிவதற்குள் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளில் யாராவது ஒருத்தி கண் இருண்டு சரிவது வழக்கமாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சியின்போது யதுஷாவே விழுந்தாள். கையிலிருந்த கோல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முகவாய் தரையில் மோதி, நாடி கிழிந்து இரத்தம் வந்தது. பிரகலாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதிபர் கமலேஸ்வரி அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கும் அதிரவில்லை. பெண்பிள்ளைகள் இப்படி விழாமலிருக்க ஒரு வழி காணும்வரை அவர்கள் மைதானத்தில் ஓடக்கூடாது என்றார். வலயப் போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை மடம் என்றார் பிரகலாதன். அதுக்குள்ள வழி காணுங்கோ என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். அந்தச் சொல் பிரகலாதனுக்கு இரவு முழுக்கக் காதில் நின்றது. இந்த வருடம் இந்த நால்வரும் ஓடாவிட்டால், அடுத்த வருடம் ஒருத்தியும் வரமாட்டாள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த நாள் பத்தாம் வகுப்பில், காலையில் சாப்பிட்டவர்கள் கையைத் தூக்குங்கோ என்றார். பையன்களின் கைகள் எழும்பின. பெண்பிள்ளைகள் பக்கம் இரண்டோ மூன்றோ கைதான், அதுவும் அரைகுறையாக. அவருக்கு விஷயம் பட்டென்று பிடிபட்டுவிட்டது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சாப்பாடு கொடுக்கிறது. பெரிய வகுப்புக்கு அது இல்லை. பிள்ளைகள் பட்டினி. பட்டினி என்றால் மருந்து சாப்பாடு. இதில் இன்னும் யாரிடம் என்னத்தைக் கேட்பது?

என்ன சாப்பாடு என்று யோசித்தபோது அவருடைய நாக்கு அவரை முந்திக்கொண்டது. அக்காமாரின் காலத்தில் தம்பலகாமத்துக் குசினியில் கிண்டிய உழுத்தங்களி. வறுத்து அரைத்த உளுந்து மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, மேலே மிதக்க மிதக்க நல்லெண்ணெய். இரும்புச்சத்துக்கும் புரதத்துக்கும் அவர் படிப்பிக்கிற பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஒரு சட்டிக்குள் இருக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரே புளுகம்.

அந்தக் களி அன்றைக்கு எதற்காகக் கிண்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டால் வீட்டுக்குள் இருத்தி, பச்சை முட்டை, நல்லெண்ணெய், கத்தரிக்காய், உழுத்தங்களி என்று மாமிமாரும் பெரியம்மாமாரும் மாறி மாறிக் கொண்டுவந்து வாயில் தீத்துவார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். ஒரு வீட்டிலிருந்து களி மணந்தால், அந்த வீட்டுப் பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று ஒழுங்கையில் வீடு வீடாகத் தெரிந்துவிடும். இதெல்லாம் பிரகலாதனுக்கும் தெரியும்தான். ஆனால் தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேண்டுமே. அவருக்கு ஞாபகம் இருந்தது சட்டியை வழித்த ருசி மட்டும்தான். நிரோஜினியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே தடுத்திருப்பாள். அவர் சொல்லவில்லை. செய்து காட்டிவிட்டுச் சொல்லலாமென்று இருந்தார்.

தம்பலகாமத்திலிருக்கும் மூத்தக்கா கோணேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரிய சட்டி களி வேணும் என்றார். அக்கா சின்னப் பிள்ளைகளுக்கென்று நினைத்துக்கொண்டு விடியற்புறமே எழும்பிக் கிண்டினாள். ஏற்றி வந்த ஓட்டோக்கார நிப்றாஸ் வழியிலேயே வாசம் பிடித்து, என்ன சேர், வீட்டில ஏதும் விசேஷமோ என்று கேட்டான். சேருக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கடா, கெதியா ஓட்டு என்றார்.

மணி அடிப்பதற்கு முன்னால் மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டுச் சட்டிகளைத் திறந்தார். காற்று வாசத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மட்டும் முதலில் வந்து வரிசையில் நில்லுங்கோ என்று ஒலிபெருக்கியில் அழைத்தார். ஆம், ஒலிபெருக்கியில்.

ஒருத்தியும் அசையவில்லை. பையன்கள் பக்கம் முதலில் ஒரு கனைப்பு, பிறகு ஒரு சிரிப்பு, பிறகு பள்ளிக்கூடமே சிரித்தது. ஆருக்குச் சாமத்திய வீடு, பந்தல் எங்க என்று ஒருவன் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வகுப்பறைக்குள் போனார்கள். சிலர் அழுதார்கள். பெண் ஆசிரியர்களில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் அகப்பையோடு நின்ற பிரகலாதனின் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானத்துக்குள் தாய்மார் வந்துவிட்டார்கள். யதுஷாவின் தாய் ஜெயரூபி முன்னுக்கு நின்றாள். கரையிலிருந்து நேராக வந்ததால் கையில் மீன் செதில் காயாமல் இருந்தது. சத்தம் போடவில்லை.

"சேர், நீங்கள் கெட்ட எண்ணத்தோட செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா என்ர பிள்ளை இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில அழுதிருக்கிறாள். விழுந்து நாடி கிழிஞ்சப்பவும் அவள் அழேல்ல."

பிழைதான் அக்கா என்று மட்டும் பிரகலாதன் சொன்னார். பின்னேரம் கோணேஸ்வரிக்கு நடந்ததைச் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள், பிறகு வாயாரத் திட்டினாள். உன்ர தலைக்குள்ள மூளை எண்டு ஒண்டு இருந்தா, அதை எப்பவாவது ஆரையும் கேட்கச் சொல்லு என்றாள்.

சாதாரண மனிதனாயிருந்தால் இதோடு விட்டிருப்பான். பிரகலாதன் விடவில்லை. களியில் பிழையில்லை, சிரிப்பில்தான் பிழை, சிரிப்பை முறித்தால் சரி என்று அவர் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை, அக்காவைக் கெஞ்சி இன்னொரு சட்டி கிண்டுவித்து, மைதானத்து நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, ஒரு கோப்பை நிறையக் களியோடு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தின்னத் தொடங்கினார். பையன்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து நின்றார்கள். கிரிக்கெட் அணித் தலைவன் தர்மிகன்தான் துணிந்து, சேர், நீங்கள் எப்ப பெரிய பிள்ளையானீங்கள் என்று கேட்டான்.

"நேற்றுத்தான். பந்தல் போட ஏலேல்ல. இருந்து சாப்பிடு," என்றார் பிரகலாதன்.

மைதானமே அதிரச் சிரித்தார்கள். தர்மிகன் உட்கார்ந்தான், அவனைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், சட்டி வழித்துத் துடைத்துக் காலியானது. அடுத்த கிழமை பையன்களே களி எப்ப சேர் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பிரகலாதன் உலகத்தை வென்ற மாதிரி நடந்தார். ஆனால் மர நிழலில் இருந்த பெண்பிள்ளைகள் மர நிழலிலேயே இருந்தார்கள். காலைக் கூட்டத்தில் மறுபடியும் ஒருத்தி சரிந்தாள். நாள் போய்க்கொண்டிருந்தது. அதிபரின் கண்ணாடி அவரைப் பார்த்தபடி இருந்தது.

ஒரு நாள் உடற்கல்விப் பாடம் முடிந்து, யதுஷா அஞ்சல் கோல்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நாடியில் ஒட்டிய பிளாஸ்டர் இன்னும் கழற்றவில்லை. அவள் போகாமல் நின்றாள்.

"சேர், நீங்கள் களி சாப்பிட்டா அது பகிடி. நாங்கள் சாப்பிட்டா அது கதை. ஊரெல்லாம் கதைக்கும்."

பிரகலாதனுக்குச் சுருக்கென்றது. தான் முறித்ததாக நினைத்த சிரிப்பு எங்கும் போகவில்லை, தன் பக்கம் மட்டும்தான் ஓய்ந்திருக்கிறது என்று விளங்கியது. வாழ்க்கையில் அநேகமாக முதல் தடவையாக, செய்வதற்கு முன்னால் கேட்டார்: அப்ப உங்களுக்கு என்ன சாப்பாடு வேணும் பிள்ளை?

"வீட்ட சாப்பாடு இருக்கு சேர். அம்மா கரைக்குப் போக முதலே புட்டு அவிச்சு, மீன் குழம்பும் வச்சிட்டுத்தான் போறவ."

"பிறகேன் சாப்பிடாம வாறீங்கள்?"

அவள் மணலைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சாப்பிட்டா தண்ணி விடாய்க்கும் சேர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒருக்கா எங்கட டொய்லெட்டைப் போய்ப் பாருங்கோ."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ஓடக்கூடாதென்ற உத்தரவு அந்த நேரம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு, காவல்காரர் மட்டும் இருந்த நேரத்தில் பிரகலாதன் போனார். அந்தக் கட்டடத்தை அவர் தினமும் கடந்து போகிறவர்தான். முன்சுவரில் கைகழுவும் முறைபற்றி வண்ணப் படம் கீறியிருக்கும். அதைக் கீறுவித்ததே அவர்தான், சுகாதார வாரத்தில். உள்ளே ஒருநாளும் போனதில்லை. போகக்கூடிய இடமுமில்லை. இரண்டு அறைகளில் ஒன்றின் கதவு அடிப்பக்கம் உக்கி உதிர்ந்து, முழங்கால் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. மற்றதற்குத் தாழ்ப்பாளே இல்லை. கொண்டி இருந்த இடத்தில் ஓட்டை போட்டு, வலைக் கயிறு ஒன்று கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவள் ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் பந்தடிக்கிற இடம்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். காற்று கதவைத் தள்ளத் தள்ள, கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஒரு பிள்ளை மாதத்தில் அந்த நாட்களில் இங்கே வந்து என்ன செய்வாள் என்று அப்போதுதான் நினைத்தார். பயிற்சியின் நடுவில் தண்ணீர் குடிக்கவென்று அவர் விசில் ஊதுவார். பையன்கள் குழாயடிக்கு விழுந்தடித்து ஓடுவார்கள். பெண்பிள்ளைகள் நிழலில் இருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு விடாய் குறைவு என்று அவர் ஒருதடவை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு துளி தண்ணீர் இல்லாமல், இந்தக் கச்சான் வெயிலில், அந்தப் பிள்ளைகளை அவர் ஓடவிட்டிருக்கிறார். அவர்கள் விழாமலிருந்தால்தான் அதிசயம்.

அதிபர் அப்போதும் அறையில்தான் இருந்தார். பிரகலாதன் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். புதுக் கட்டடம் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது வரும்வரை பழையதில் கை வைக்கவேண்டாமென்று விட்டுவிட்டேன் என்றார். ஆசிரியைமாருக்கு வேறு இடம் இருக்கிறது, அதற்குப் பூட்டும் திறப்பும் இருக்கிறது. பிறகு அதிபர் சொன்னார்.

"நான் படிச்ச காலத்திலயும் நாங்கள் தண்ணி குடிக்கிறேல்ல, மாஸ்டர். அது அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்."

ஒரு அதிபர் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. கோபப்படத்தான் வந்திருந்தார், அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"கட்டடம் வாற நேரம் வரட்டும் மடம். முதல்ல கதவு வரட்டும்," என்றார். அதிபர் ஓம் என்றார்.

இந்தத் தடவை பிரகலாதன் மண்வெட்டியைத் தூக்கவில்லை. சல்லிக் கரைக்குப் போனார். ஜெயரூபி கருவாட்டுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தாள், வல்லிபுரம் ஒரு பைபர் படகின் அடியில் குந்தியிருந்து வெடிப்புக்குப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தார். களி விஷயத்துக்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். பிறகு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறி, கதவு விஷயத்தைச் சொன்னார். ஜெயரூபிக்கு அது புதுப் புதினமில்லை. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். வல்லிபுரத்துக்குப் புதினம். கையிலிருந்த தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தார். நீ ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல என்று கேட்டார். நீங்கள் கேட்கேல்லையே என்றாள் அவள், உப்பிலிருந்து கையெடுக்காமல்.

வல்லிபுரம் பிரகலாதனின் பக்கம் திரும்பினார். பலகை போட்டால் உப்புக்காற்றுக்கு மறுபடியும் உக்கும், பைபரில் ஊற்றினால் உங்கட பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் கிடக்கும் சேர் என்றார். எப்படி வேண்டும், எவ்வளவு உயரம் என்று பிரகலாதன் தன் கணக்கைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, அதை யதுஷாவிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்கச் சொல்லி ஜெயரூபியிடம் விட்டுவிட்டார். கதவு நிலம் முட்ட வரவேண்டும், தாழ்ப்பாள் உள்ளே இரண்டு வேண்டும், மாட்டிவைக்க ஒரு கொளுக்கி வேண்டும், மூடியோடு ஒரு வாளி வேண்டும் என்று பதில் வந்தது. கொளுக்கியும் வாளியும் அவருக்குத் தோன்றியே இருக்காது.

கச்சான் பலமாக அடித்து, படகுகள் இறங்காத ஒரு நாளில் வல்லிபுரமும் இன்னும் சிலரும் வந்து கதவுகளை மாட்டினார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய நீல வர்ணம். இரண்டு சின்னப் படகுகளை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. பின்சுவரை இரண்டு வரி கல் வைத்து உயர்த்தினார்கள். பந்தடிக்கிற இடம் மைதானத்தின் மறுகோடிக்குப் போனது. அந்த அறைகளின் குழாய்க்குத் தண்ணீர் வரும்வரை பெரிய பீப்பாய் ஒன்றை வைத்து, காலையில் கிணற்றிலிருந்து நிரப்பும் வேலையைப் பிரகலாதன் தர்மிகனின் அணியிடம் கொடுத்தார். பந்தல் கேட்ட வாய்களெல்லாம் இப்போது வாளி சுமந்தன.

வலயப் போட்டிக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அதிபர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கே வந்தார். ஓடட்டும், பார்ப்பம் என்றார். நால்வரும் ஓடினார்கள். இரண்டாம் கைமாற்றத்தில் கோல் தடுமாறி நேரம் போனது. மூன்றாமவள் மூச்சு வாங்கினாள். யதுஷா கோலை வாங்கி, வளைவில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடினாள். ஒருத்தியும் விழவில்லை. அதிபர் குடையை மடக்கினார். நாளைக்கும் வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் பாஷையில் அது சம்மதம்.

பிரகலாதன் தண்ணீருக்கு விசில் ஊதினார். மர நிழலுக்கு யாரும் போகவில்லை. யதுஷா போத்தலைத் திறந்து, அண்ணாந்து, கழுத்தால் வழிய வழியக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுக் குழாயடியில் மறுபடியும் நிரப்பி, அதையும் குடித்தாள். அடுத்த ஓட்டத்துக்கு அவர் எல்லாரையும் கோட்டுக்கு அழைத்தபோது, அவள் கோலை மற்றவளிடம் கொடுத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"சேர், நான் ஒருக்கா டொய்லெட்டுக்குப் போயிட்டு வரட்டோ?"

பதினொரு வருடத்தில் ஒரு பெண்பிள்ளை அவரிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கியது. புழுதி என்று சொல்லித் தப்பலாம், கச்சான் காலம்தானே.

"ஓம் பிள்ளை. ஆறுதலாப் போயிட்டு வாங்கோ," என்றார்.

அவள் திரும்பி வரும்வரை அந்த ஓட்டத்தைத் தொடங்காமல் எல்லாரும் கோட்டில் நின்றார்கள்.